ஹாம்லெட் கேட்ட கேள்வியும் நம் வீட்டுப் பிள்ளையும்

“அண்ணாச்சி, சாவைப் பத்திப் பேசுற வசனத்தை என் பிள்ளை வாயில எதுக்குக் குடுக்கீங்க? வேற நல்ல காட்சியே கிடைக்கலையா?”

சென்ற ஆண்டு நம் சங்க ஆண்டு விழாவுக்கான நாடக ஒத்திகையின்போது ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். மட்டாஞ்சேரியில் ஓர் அன்பர் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கீழே கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை வந்துகொண்டிருந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் வரும் தனிமொழி. இருப்பதா, இல்லாமல் போவதா என்று அந்த இளவரசன் தன்னையே கேட்டுக்கொள்ளும் 33 வரிகள். நடிக்க வந்த பையனுக்கு வயது பத்தொன்பது. பிளஸ் டூ முடித்து இரண்டு முறை நீட் எழுதி இடம் கிடைக்காமல், மூன்றாவது ஆண்டாக ‘ரிப்பீட்டர்’ வகுப்பில் சேரச் சொல்லி வீட்டில் வற்புறுத்திக்கொண்டிருந்த சமயம். அந்தத் தாயின் கேள்வியில் இருந்த பயம் இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

ரயில்வேயில் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டையையும் பார்த்துக்கொண்டிருந்த டிப்ளமாக்காரனுக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். 1973-ல் வெளிவந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’ படத்தில் நடிகர் திலகம் ஹாம்லெட் வேடத்தில் நின்று இந்த வசனத்தைப் பேசுவார். அதை எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்த சிறுவன் நான். ஆங்கிலம் ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனாலும் ஒருவன் தன்னோடு தானே வழக்காடுகிறான் என்பது மட்டும் விளங்கியது. பிற்பாடு பாலிடெக்னிக்கில் படித்தபோது பழைய புத்தகக் கடையில் மூல நூலை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் என்னோடு ஒவ்வொரு ரயில்வே குவார்ட்டர்ஸாக மாறி மாறி வந்திருக்கிறது.

தமிழுக்குப் புதியவன் அல்ல

ஹாம்லெட் தமிழுக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை ‘அமலாதித்தன்’ என்ற பெயரில் தமிழாக்கி, அந்த வேடத்தைத் தாமே ஏற்று நடித்தார். 1908-ல் அது நூலாகவும் வந்தது. ‘மாக்பெத்’தை ‘மகபதி’ ஆக்கியதும், வெனிஸ் நகர வணிகனை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கியதும் அவர்தான். நீதிமன்றத்தில் வக்கீலாகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே இவ்வளவும் செய்தார்.

நாம் இருக்கும் இந்தக் கொச்சிக் கரைக்கும் மேல்நாட்டு ராஜாக்களைத் தமிழ் பேச வைப்பது புதிதல்ல. போர்ச்சுக்கீசியர் வந்தபின் இங்குள்ள கிறிஸ்தவ மக்களிடையே வளர்ந்த சவிட்டு நாடகத்தின் பழைய பாடல்களில் தமிழ் மிகுதி. சார்லமேன் சக்கரவர்த்தியின் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரிதம்’ அதில் பெயர்பெற்றது. அதை இயற்றியவராகச் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் பெயரையே வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆசானை ‘அண்ணாவி’ என்று அழைப்பதும் நம் கூத்து மரபுதான். ஆனால் அங்கே வீரர்கள் பலகை மேடை அதிரக் காலால் மிதித்து, ஊரே கேட்கப் பாடித் தம்மைச் சொல்லிக்கொள்வார்கள். ஹாம்லெட் அப்படியல்ல. அவன் தனக்குள் பேசுகிறான். நம் பையனுக்கு முதலில் பிடிபடாதது இதுதான். சிவாஜியைப் பார்த்து வளர்ந்த அப்பாவின் பிள்ளை, மார்பில் அடித்துக்கொண்டு, “நான் வாழ்வதா! நான் சாவதா!” என்று முழங்கினான். வசனத்தை அவன் மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் படித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நம் பிள்ளைகள் பலரின் நிலைமை இதுதானே.

கதைச் சுருக்கம்

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டென்மார்க் இளவரசன் ஹாம்லெட் விட்டன்பர்க் என்ற வெளியூரில் படிக்கும் மாணவன். தந்தை இறந்த செய்தி கேட்டு ஊர் வருகிறான். வந்தால், சிற்றப்பன் கிளாடியஸ் சிம்மாசனத்தில் இருக்கிறான். தாயும் அவனையே மணந்துகொண்டிருக்கிறாள். இறந்த தந்தையின் ஆவி தோன்றி, “என் காதில் நஞ்சு ஊற்றிக் கொன்றவன் உன் சிற்றப்பன், பழிவாங்கு” என்கிறது. உடனே செய்வானா, தயங்குவானா என்பதே நாடகம். முடிவில் அவனும் சாகிறான். ஏறக்குறைய எல்லோரும் சாகிறார்கள்.

சொல்வது என்ன? சொல்லாதது என்ன?

அந்தத் தாய் கேட்ட கேள்விக்காக மூல நூலை மறுபடி எடுத்து, பாலத்தைச் சோதிப்பதுபோல ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தேன்.

விதியின் அடிகளைப் பொறுத்துக்கொள்வது மேலா, அல்லது துன்பக் கடலை எதிர்த்து ஆயுதம் எடுத்து முடித்துவிடுவது மேலா என்பது அவன் எழுப்பும் கேள்வி. இதற்கே அறிஞர்கள் இரண்டு பொருள் சொல்வதுண்டு. தன் உயிரை முடித்துக்கொள்வதைச் சொல்கிறான் என்பது ஒன்று. அரசனை எதிர்க்கும் காரியத்தில் இறங்குவதைச் சொல்கிறான், அதில் தன் உயிரும் போகக்கூடும் என்பது மற்றொன்று. அடுத்து, சாவு ஒரு தூக்கம்தானே என்கிறான். உடனே, தூக்கத்தில் கனவு வந்தால் என்ன செய்வது என்று திடுக்கிடுகிறான். பிறகு வாழ்க்கையின் கொடுமைகளை வரிசையாக எண்ணுகிறான். சாவுக்கு அப்பால் என்ன என்று தெரியாத அச்சம்தான் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது என்கிறான். யோசனை நம்மைக் கோழைகளாக்குகிறது, பெரிய காரியங்கள் வழிமாறிப் போகின்றன என்று முடிக்கிறான்.

இதில் முதலில் என் கண்ணில் பட்டது: இந்த 33 வரிகளிலும் ‘நான்’ என்ற சொல்லோ, ‘என்னை’, ‘என்’ என்ற சொல்லோ கிடையாது. ‘நாம்’, ‘நம்மை’ என்றுதான் பேசுகிறான். முதல் அங்கத்தில் வரும் அவனது முதல் தனிமொழியோ இப்படிப்பட்டதல்ல. அங்கே தன் உடல் கரைந்து போகாதா, தன்னை மாய்த்துக்கொள்வதைக் கடவுள் தடுக்காமல் இருந்திருக்கக்கூடாதா என்று புலம்புகிறான். அம்மாவை நினைத்துக் குமுறுகிறான். அது சொந்தத் துக்கம். மூன்றாம் அங்கத்தில் பேசுவது எல்லா மனிதருக்குமான கேள்வி.

தமிழில் இதை மொழிபெயர்ப்பவருக்கு இங்கே ஒரு சங்கடம். நம் வினைச்சொல்லில் பெரும்பாலும் ஆள் யார் என்பது ஒட்டிக்கொண்டே வரும். அதனால் நம்மை அறியாமல் ‘நான்’ என்று போட்டுவிடுகிறோம். நாங்களும் போட்டிருந்தோம். அந்த ‘நான்’களை எல்லாம் அடித்துவிட்டு, “இருப்பதா, இல்லாமல் போவதா” என்று மாற்றிக் கொடுத்தேன். பையனின் குரல் தானாகவே இறங்கியது. மார்பில் அடித்துக்கொள்ள அங்கே ‘நான்’ இல்லையே!

அவன் எண்ணும் கொடுமைகளின் பட்டியல் என்னை இன்னும் யோசிக்க வைத்தது. வலியவன் செய்யும் அநியாயம், அகங்காரக்காரனின் ஏளனம், கைகூடாத காதல், நீதி கிடைக்கத் தாமதம், பதவியில் இருப்பவர்களின் திமிர், தகுதியும் பொறுமையும் உள்ளவன் தகுதியற்றவனிடம் வாங்கும் உதை. இதில் எத்தனை ஓர் இளவரசன் பட்டது? கோர்ட்டு வாசலில் அவன் நின்றானா? கவுண்ட்டரில் மனுவோடு காத்திருந்தானா? தந்தை கொலை, தாயின் மறுமணம், ஆவி சொன்னது எதையுமே அவன் இங்கே குறிப்பிடவில்லை. பட்டியலில் இருப்பது நம்மைப் போன்ற சாதாரணர்களின் பாடு. பிழைப்புக்காக வேற்றூர் வந்து, மொழி சரியாக வராமல் ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைகுனிந்து நின்ற அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான்: “அங்கிள், இந்த லிஸ்ட்ல நான் ஒண்ணு சேர்க்கலாமா? ரேங்க் லிஸ்ட்.” எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவன் தனியாக இல்லை

தனிமொழி என்கிறோம். ஆனால் மேடையில் அந்த நேரத்தில் அவன் தனியாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அரசனும் அமைச்சர் பொலோனியஸும் பக்கத்திலேயே மறைந்து நிற்கிறார்கள். பொலோனியஸ் தன் மகள் ஒஃபீலியாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, படிப்பதுபோல் நடக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே, அவன் மனத்தை அறிய இரண்டு பழைய நண்பர்களையும் வரவழைத்துப் பழக விட்டிருக்கிறார்கள். இத்தனை பேர் அவனைக் கவனிக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்கு என்னப்பா கஷ்டம்?” என்று அந்தக் காட்சியில் யாரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னபோது மாடிப்படி ஓரத்தில் நின்றிருந்த பையனின் தகப்பனார் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். மகனின் செல்போனை இரவில் எடுத்துப் பார்ப்பதாக அவரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் ஒரு தகப்பன். திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பது எளிது. எதிரில் உட்கார்ந்து கேட்பது கஷ்டம்.

நாடக நூலின் வரலாற்றிலும் இங்கே நமக்கு ஒரு பாடம் உண்டு. ஹாம்லெட் 1603-ல் ஒரு வடிவிலும், 1604–05-ல் நீண்ட வேறொரு வடிவிலும் அச்சானது. 1623-ல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெருந்தொகுப்பிலும் வந்தது. அந்த 1603 பதிப்பு கிடைக்காமல் இருந்து 1823-ல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதில் இந்தத் தனிமொழி முன்னாலேயே வந்துவிடுகிறது. மனம் சோர்கிறான், பிறகு நாடகக்காரர்களை வைத்து அரசனைச் சோதிக்கத் திட்டம் போடுகிறான். கணக்கு நேராக இருக்கிறது. நாம் வழக்கமாகப் படிக்கும் வடிவிலோ, உற்சாகமாகத் திட்டம் போட்ட பிறகு, அடுத்த காட்சியிலேயே இந்தச் சோர்வு வருகிறது. ஒரே வேகனை ரேக்கில் வேறிடத்தில் கோத்தால் வண்டியின் ஓட்டமே மாறுவதுபோல. எனக்கு இரண்டாவதுதான் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. “நேத்து நல்லாத்தானே சிரிச்சுப் பேசிட்டிருந்தான்” என்று பிறகு சொல்லி அழும் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

போனவர் திரும்பாத நாடு என்று அவன் சாவைச் சொல்லுமிடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தந்தையின் ஆவி திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவன் எப்படி இதைச் சொல்லலாம்? அது தந்தைதானா, தந்தை உருவில் வந்த பேயா என்ற சந்தேகம் அவனுக்கு இன்னும் தீரவில்லை என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டாம் அங்கத்தின் முடிவில் அவனே அப்படிச் சந்தேகப்படுவதால் அது பொருந்தும். என் சிற்றறிவுக்குத் தோன்றுவது வேறு. மனம் இருண்டு குறுகிய வேளையில் மனிதன் தான் கண்ணால் கண்டதையும் மறந்துபோகிறான். தன்னைத் தேடி ஒருவர் வந்தார் என்பதுகூட அப்போது நினைவுக்கு வருவதில்லை.

‘இரு’ என்ற சொல்

மூல நூலில் அந்த வரியின் முதல் சொல் மிகச் சிறியது. நம் மொழியில் அதற்கு நேர், ‘இரு’. எவ்வளவு பொருள் பாருங்கள்! உட்கார் என்பதற்கும் இரு, தங்கு என்பதற்கும் இரு, கொஞ்சம் பொறு என்பதற்கும் இரு, உயிரோடு இரு என்பதற்கும் இரு. சில ஆண்டுகள் கழித்துச் சொந்த ஊருக்குப் போகும்போது, பழைய பெரியவர் ஒருவரைப் பற்றி விசாரிக்க, “அவர் இருக்காரா?” என்று கேட்கத் தயங்குவோமே, அந்த ‘இரு’. இங்கே மலையாளத்தில் ‘இரிக்கு’ என்றால் பெரும்பாலும் உட்காரச் சொல்வதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் வேலை பார்த்த ரயில் பாதைக்கும் பழைய தமிழில் ‘இருப்புப் பாதை’ என்றே பெயர். அது இரும்பிலிருந்து வந்த இருப்பு என்பது தெரியும். இருந்தாலும் காதுக்கு அது இன்னொரு இருப்பாகவும் கேட்கிறது.

அதேபோல, வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம்மவர் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. “போய்ட்டு வரேன்” என்றுதான் சொல்ல வேண்டும். மறந்து சொல்லிவிட்டால் பாட்டி அதட்டுவாள். திரும்பி வராத பயணத்தைப் பற்றி ஹாம்லெட் பேசுவதெல்லாம், அந்த ‘வரேன்’ இல்லாத ‘போறேன்’ பற்றித்தான்.

எர்ணாகுளம்–ஆலப்புழை பாதை 1989-ல் திறந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பகுதியில் இரவு நேரங்களில் லெவல் கிராசிங் கேட்டுகளைத் திடீர்ச் சோதனை செய்வது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஒரு நள்ளிரவில் ஒரு கேட் அறைக்குள் நுழைந்தால், கேட் கீப்பரோடு வெளி ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விதிப்படி அது தவறு. நான் குரலை உயர்த்தினேன். கேட் கீப்பர் நம் நெல்லைப் பக்கத்துக்காரர். எழுந்து வெளியே வந்து, மெதுவாகச் சொன்னார்: “சார், அந்தப் பையன் போறதுக்குன்னு வந்தவன். இருடேன்னு சொல்லி உட்கார வச்சிருக்கேன். டீ குடிக்கான். விடியட்டும் சார்.”

நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த மனிதர் அந்த இளைஞனுக்குத் தத்துவம் எதுவும் சொல்லவில்லை. ஏன் வாழவேண்டும் என்று வாதாடவில்லை. எந்த ஊர், மதியம் என்ன சாப்பிட்டாய், தங்கச்சி எத்தனாவது படிக்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஃபோன் மணி அடித்தால் எழுந்து போய்க் கேட்டை மூடிவிட்டு, வண்டி போகும்வரை பையனின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். விடிந்ததும் ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்தோம். கேட் பதிவேட்டில் அன்று நான் கையெழுத்து மட்டும் போட்டேன். வேறெதுவும் எழுதவில்லை.

யோசனை மனிதனைக் கோழையாக்குகிறது என்று ஹாம்லெட் குறைப்பட்டுக்கொள்கிறான். அந்த இரவுக்குப் பின் எனக்கு அந்த வரி வேறுவிதமாகவே படுகிறது. அவனுடைய கேள்விக்கு அவனுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நின்றானே, அந்தத் தயக்கம் அவனை அன்று காப்பாற்றியது. மூலத்தில் அவன் சொல்லும் சொல்லுக்கு அக்காலத்தில் மனச்சாட்சி என்றும் பொருள், சிந்தனை என்றும் பொருள். எதுவானாலும், மஞ்சள் விளக்கு எரிந்தால் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். அவரைக் கோழை என்று ரயில்வேயில் யாரும் சொல்வதில்லை.

ஒன்றும் மறந்துவிடக்கூடாது. எல்லா ‘இரு’வும் ஒன்றல்ல. நாடகத் தொடக்கத்தில் ஹாம்லெட் படிப்பைத் தொடர விட்டன்பர்க் திரும்ப நினைக்கிறான். அரசனும் தாயும் “போகாதே, இங்கேயே இரு” என்கிறார்கள். பிறகு அவன் தன் நாட்டையே சிறை என்கிறான். “இன்னும் ஒரு வருஷம் இரு, அந்தக் கோச்சிங்கிலேயே இரு” என்று நாம் பிள்ளைகளிடம் சொல்வது கேட் கீப்பர் சொன்ன இருவா, கிளாடியஸ் சொன்ன இருவா? இதை நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஒத்திகையில் பொதுவாகத்தான் சொன்னேன்.

கடைசிக் காட்சி

அந்தத் தாய்க்குப் பதில், நூலின் கடைசிப் பக்கங்களில் கிடைத்தது. நஞ்சு தடவிய வாள் பட்டு ஹாம்லெட் செத்துக்கொண்டிருக்கிறான். உயிர்த் தோழன் ஹொரேஷியோ, நானும் உன்னோடு வருகிறேன் என்று நஞ்சு மிச்சமிருக்கும் கிண்ணத்தை எடுக்கிறான். சாகும் தறுவாயிலும் ஹாம்லெட் அதை அவன் கையிலிருந்து பிடுங்குகிறான். இந்தக் கொடிய உலகத்தில் இன்னும் கொஞ்ச காலம் இருந்து, என் கதையை எடுத்துச் சொல் என்கிறான். நடுவில் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்விக்கு அவன் இன்னொருவனுக்குச் சொல்லும் பதில் அது: இரு.

பெரும்பாலோர் தனிமொழியை மட்டும் பிய்த்தெடுத்து மேடையில் பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பதிலை விட்டுவிடுகிறோம். நாங்கள் இரண்டையும் சேர்த்துப் போடுவது என்று தீர்மானித்தோம். “இப்ப சம்மதமா?” என்று அந்தத் தாயிடம் கேட்டேன். “பதிலும் அவன் வாயிலேயே வருதுல்லா? அப்ப சரி அண்ணாச்சி” என்றார்.

விழா அன்று பையன் முழங்கவில்லை. மேடையின் ஓரத்தில் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலப் பேசினான். பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு பேர் குறை சொன்னார்கள். ஆனால் கடைசிக் காட்சியில் கிண்ணத்தைப் பிடுங்கினானே, அப்போது அரங்கில் சத்தமே இல்லை. ஹொரேஷியோவாக நடித்த பையன் ஒத்திகையில் விட்டுக்கொடுத்துவிடுவான். அன்று உண்மையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இழுபறியில் கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. அது திட்டமிட்டதல்ல. எனக்கு அதுதான் பிடித்தது.

மூன்றாம் முறை நீட் எழுதுவது பற்றி அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்கள் குடும்ப விஷயம். தகப்பனாரும் மகனும் ஒரு மாலை ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் கூப்பிடாமல் வேறு பக்கம் நடந்துவிட்டேன். இப்போது பையன் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்கிறான் என்பது மட்டும் சொல்லலாம்.

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் தன்னை மாய்த்துக்கொள்வது பெருங்குற்றம். ஒஃபீலியாவுக்குக் கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்யலாமா என்று வெட்டியான்கள் வழக்காடும் காட்சி நாடகத்திலேயே உண்டு. நம் நாட்டிலும் முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்த்த 309-ஆம் பிரிவு 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சட்டமே ‘இரு, பேசலாம்’ என்ற பக்கம் திரும்பியிருக்கிறது. மனம் விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லை என்று தோன்றுபவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

தேர்வு முடிவுகள் வரும் மாதங்கள் எவை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் பிள்ளைகளின் அறைக் கதவுக்கு வெளியே நின்று காது கொடுக்காமல், தட்டிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். ஏதாவது கேளுங்கள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் மதியம் என்ன சாப்பிட்டாய் என்றாவது கேளுங்கள். அவர்கள் வெளியே கிளம்பும்போது, “போறேன்” என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். “போய்ட்டு வரேன்னு சொல்லு” என்று நம் பாட்டிமார் அதட்டியதுபோலவே அதட்டுங்கள்.